மயிலிட்டிக்காரியும் பன்னிரண்டு பாகைக் கடலும்

லோறென்ஸ்கூக்கில் கடல் இல்லை. காடு இருக்கிறது, லாங்வன்ன ஏரி இருக்கிறது, கோடையிலும் பனிச்சறுக்கு விடுகிற மண்டபம்கூட 2020இலிருந்து இருக்கிறது. கடல் வேண்டுமென்றால் ரயிலேறி ஒஸ்லோவுக்குப் போகவேண்டும். பதினொரு வருடமாக அந்த ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். கடலுக்கென்று ஒருநாளும் போனதில்லை.

போகவைத்தவ, நூலகத்து மொழிக் கஃபேயில் பழக்கமான ஒரு நோர்வேஜியப் பெண். ஓய்வுபெற்ற தாதி, என்னைவிட இருபத்தைந்து வயது மூப்பு. பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டா. என் வாயில் வரவில்லை. அவர்களுடைய மொழியில் எல்லோருக்கும் ஒரே 'டு'தான். நீ, நீர், நீங்கள் என்ற படிக்கட்டு கிடையாது. நானோ பெயரும் சொல்லாமல், அக்கா என்றும் சொல்லாமல், தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவேன்.

மே கடைசிச் சனிக்கிழமை 30ஆம் இலக்க பஸ்ஸில் பிக்டோய்க்குப் போனோம். நோர்வேக்கு வந்த முதல் தமிழர் என்று நாங்கள் சொல்லும் அந்தோனி இராசேந்திரத்தைப் பற்றி வழியில் சொன்னேன். 1956இல் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து வந்தவர். மீன்பிடித் தொழில் பழகித் திரும்பிப்போய், காரைநகரில் சீனோர் படகுத்தளம் உருவாகக் காரணமானவர். நானும் கடற்கரையில் பிறந்தவள்தான் என்றேன். "அப்போ உமக்குக் கடல் புதிதில்லை" என்றா.

அங்கே ஹுக் கடற்கரையில் வெயில் எறித்தது, காற்று அதை நம்பவிடவில்லை. குடாவின் அந்தப் பக்கம் உடுப்பில்லாமல் குளிப்பவர்களுக்கு என்று, கடை எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னா. நான் சட்டென்று அந்தப் பக்கம் முதுகைக் காட்டி இருந்துகொண்டேன். அவ கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டுத் தூக்கினா. 12 பாகை. முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

"இறங்கும்."

"எனக்கு நீந்தத் தெரியாது."

"கடற்கரையில் பிறந்தேன் என்றீரே?"

மயிலிட்டியில் எங்கள் வீட்டு ஒழுங்கை கடலில்தான் முடியும். அப்பா வள்ளம் வைத்திருந்தவர். 1990 யூனில் போரால் ஊரை விட்டு ஓடும்போது எனக்கு எட்டு வயது. பிறகு அந்தக் கரை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். மல்லாகத்து முகாமில் இருந்தபோது, இரவில் கடல் இரைவது கேட்கிறது என்பார் அப்பா. எங்களுக்குக் கேட்டதில்லை. கடலுக்குப் போன கையால் அவர் அடுத்தவர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டினார்.

எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் இவ்வளவையும் சொல்லி முடிக்க நேரமெடுத்தது. அவ இடையில் ஒரு பிழையும் திருத்தவில்லை. பிறகு தங்கள் நாட்டுச் சட்டத்தைச் சொன்னா: 1957இல் வந்தது. காட்டிலும் கரையிலும் யாரும் நடக்கலாம், கடலில் குளிக்கலாம், நிலம் இன்னொருவருடையதாக இருந்தாலும். அது தவிர, கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டப் பொதுவாகத் தடை. வசதியானவர்கள் வேலி போட்டுப் பார்ப்பதும், அதற்குச் சண்டை நடப்பதும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவ இறங்கினா. நான் அவவின் கையைப் பிடித்தபடி இடுப்பளவில் நின்றேன். கால் விறைத்தது, நெஞ்சு அடைத்தது, வாய் தன்பாட்டில் காற்றை விழுங்கியது. "உள்ளே இழுக்காதையும், ஊதி வெளியே விடும். முதல் நிமிடம்தான் பொல்லாதது" என்றா. முப்பது வரை எண்ணினேன், தமிழில்.

கரையேறி, நான் கொண்டுபோன மீன் ரோல்ஸைக் கடித்து உறைப்பில் கண் கலங்கினா. அவ தந்த மண்ணிறப் பாற்கட்டி, பால் ரொபிக்கு உப்புப் போட்டதுபோல இருந்தது. "அக்கா, கோப்பி ஊற்றட்டா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். கோப்பையை நீட்டினா.

2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் விட்டது. அப்பா அதற்கு மூன்று வருடம் முதலே போய்விட்டார். எட்டு வயதுக்குப் பிறகு நான் கால் வைத்த முதல் கடல், ஹுக்கில் நான் முப்பது எண்ணி நின்ற அந்த 12 பாகைத் தண்ணீர்தான்.