பட்டாசுக்குப் போன வழியில் மேட்டுக்காடு

புரட்டாசி பிறந்துவிட்டால் தென்மாவட்டத்து வேன்கள் சிவகாசிப் பக்கம் திரும்பிவிடும். மூன்று நான்கு குடும்பங்கள் கூட்டாகப் பணம் போட்டு, தீபாவளிக்கு மொத்த விலையில் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புவது பலருக்கும் ஆண்டு வழக்கம். 2024ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து அப்படி ஒரு வேன் கிளம்பியது. அதிகாலையில் புறப்பட்டதால் கடை திறந்ததும் முதல் ஆளாக நின்று, ரகம் பார்த்து, பேரம் பேசி, பதினோரு மணிக்கெல்லாம் பில் போட்டு முடித்தாயிற்று. வெயிலில் பட்டாசையும் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்ற முடியாது என்று டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டார். பெட்டிகள் லாரி சர்வீஸுக்குப் போயின. வேன் காலி. திரும்பும் வழியில் நாலைந்து மணி நேரம் கையில் இருந்தது.

அந்த நேரத்தை என்ன செய்வது என்பதில் வேனுக்குள் இரண்டு கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கலாம் என்றது ஒன்று. வெம்பக்கோட்டையில் தோண்டுகிறார்களே, அதைப் பார்க்கலாம் என்றார் பெரியப்பா. அவர் பக்கம் சாய்ந்தது எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தியும், வீட்டில் எல்லோரும் ‘கப்பல்காரன்’ என்று கூப்பிடும் தம்பி மகனும்தான். இந்தக் கப்பல்காரர் சொகுசுக் கப்பல் ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறார்; ஒப்பந்தம் முடிந்து விடுப்பில் வந்திருந்தார்.

கப்பல்காரரிடம் ஒரு மனக்குறை உண்டு. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் போகும் கப்பல்கள் பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்தில் நங்கூரமிடும். பயணிகளில் வசதியுள்ளவர்கள் அங்கே இறங்கி, லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ போய், பிறகு சாலை, ரயில், பஸ் என்று மாறி மாறி ஏறி மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று நாளில் வேறொரு துறைமுகத்தில் கப்பலைப் பிடிப்பார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 2,430 மீட்டர் உயரத்தில், 1450 வாக்கில் இன்கா மன்னன் பாச்சாகூட்டெக் எழுப்பிய கல் நகரம் அது. திரும்பி வருகிறவர்களின் போனில் அதே படம்: பச்சை மலை, படிப்படியான வயல், கூரை இல்லாத கல்வீடுகள். கப்பல்காரருக்குக் கிடைத்தது கயாவோ துறைமுக வாசலும் சிம் கார்டு விற்கும் கடையும்தான். “மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கணும் பெரியப்பா, மலையேற எவன் விடுவான்?”

சிவகாசியிலிருந்து கழுகுமலை போகும் சாலையில்தான் வெம்பக்கோட்டை. கரிசல் காடு, சீமைக் கருவேலம், நடுநடுவே மக்காச்சோளம். சாலையிலிருந்து விலகி வேலி போட்ட வளாகங்கள். உள்ளே ஒன்றையொன்று தொடாமல், இடைவெளி விட்டுக் கட்டிய சிறு அறைகள். இந்தப் பக்கத்தில் இவற்றைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் சிவகாசியில் தொடங்கிவைத்ததன் கிளைகள் இவை. மழை குறைவு, காற்றில் ஈரம் இல்லை, விவசாயம் கைகொடுக்காது; மருந்து காய்வதற்கும் கூலிக்கு ஆள் கிடைப்பதற்கும் இந்த வறட்சியே காரணமாயிற்று.

ஒரு அறைக்கு நான்கு வாசல், உள்ளே நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. தீப்பற்றினால் எந்தப் பக்கமும் ஓடலாம். அப்படியும் 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு ஆலை வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். வேன் அந்தப் பக்கம் போகும்போது கடையில் வாங்கிய ரகங்களைப் பற்றிய பேச்சு தானாக நின்றது.

வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில் இருக்கிறது மேடு. உள்ளூர்ப் பெயர் மேட்டுக்காடு. சுமார் 25 ஏக்கர். தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் இங்கே முதல் கட்ட அகழாய்வைத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். 2024 ஜூன் 18 அன்று மூன்றாம் கட்டம். முதல் கட்டத்தில் மட்டும் 16 குழிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. இந்த எண்ணிக்கையைப் பேப்பரில் படித்துவிட்டு வருகிறவர்கள் கோட்டைச் சுவர், தூண், மண்டபம் எதையாவது எதிர்பார்ப்பார்கள். வேனிலிருந்து இறங்கிய அத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கோட்டை எங்கே?” என்றார்.

கோட்டை இல்லை. நிமிர்ந்து நிற்கும் எதுவுமே இல்லை. சதுரம் சதுரமாக வெட்டிய குழிகள், அவற்றுக்கு நடுவே வரப்பு போல விட்ட மண்சுவர், மேலே நிழலுக்குத் தகரமும் பச்சை வலையும், அவ்வளவுதான். வேனில் இருந்த பாதிப் பேர் ஐந்தே நிமிடத்தில் வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள்.

மீதிப் பேருக்கு நல்ல நேரம். குழியோரம் மண் சலித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வேலையை நிறுத்தாமலே பேச்சுக் கொடுத்தார். பக்கத்து ஊர்க்காரர்.

“கோட்டையெல்லாம் இல்ல அண்ணாச்சி. சுவத்தைப் பாருங்க. அதுலதான் எல்லாம் இருக்கு.”

சுவர் என்று அவர் சொன்னது குழியின் பக்கவாட்டை. மேலே ஒரு முழத்துக்குத் தளர்ந்த மண். அதற்குக் கீழே சாம்பல் கலந்த பட்டை. அப்புறம் ஓட்டுச் சில்லுகள் நெருக்கமாகப் பதிந்த ஒரு வரி. அதற்கும் கீழே கெட்டியான, நிறம் மாறிய மண். ஒவ்வோர் அடுக்குக்கும் ஆணியடித்து எண் எழுதிய சீட்டுக் கட்டியிருந்தது. எதை எடுத்தாலும் எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று எழுதிவிட்டுத்தான் பைக்குள் போடுவார்கள். எழுதாமல் எடுத்தால் தங்கமே ஆனாலும் ஆய்வுக்கு உதவாது. கீழே போகப் போகக் காலம் பின்னால் போகிறது என்பதைப் பேத்தி தானாகவே பிடித்துக்கொண்டாள்.

இங்கே தங்கமும் கிடைத்திருக்கிறது. சிறு அணிகலன்கள். யானைத் தந்தத்தில் செய்த பகடை, கண்ணாடி மணிகள், சுடுமண் காதணிகள், நூல் நூற்கும் தக்களி, பிள்ளைகள் விளையாடும் வட்டச் சில்லு, நுண்கற்கருவிகள் என்று பட்டியல் நீளும். மூன்றாம் கட்டத்தில் திமிலோடு சீறி நிற்கும் காளையைச் செதுக்கிய சூதுபவளம் ஒன்று கிடைத்தபோது தமிழ்நாடு முழுக்கச் செய்தியாயிற்று. சூதுபவளத்துக்குப் பேர்பெற்ற இடம் குஜராத். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த கல்லை வாங்கும் வசதியும் ரசனையும் உள்ளவர்கள் இந்தக் கரிசல் காட்டில் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் கப்பல்காரரை நிறுத்திவைத்தது காளையும் அல்ல, தங்கமும் அல்ல. சங்குத் துண்டுகள்.

அங்கேயே அமைத்திருந்த கண்காட்சியில் வைத்திருந்த வளையல் துண்டுகள் பல முழுமையானவை அல்ல. சில துண்டுகளின் வெளிப்புறம் வழவழவென்று தேய்த்திருந்தது. உட்புறத்தில் மட்டும் ரம்பம் போன தடம் மெல்லிய கோடுகளாக, கொஞ்சம் சரிந்து, அப்படியே தெரிந்தது. ஒரு துண்டில் தொடங்கிய வெட்டு பாதிவரை போய் நின்றிருந்தது. சங்கை அறுக்கும்போது முதலில் நுனியையும் வாய்ப்பக்கத்தையும் கழிப்பார்கள். நடுத்தண்டைத் தட்டி எடுப்பார்கள். மிஞ்சும் வயிற்றுப் பகுதியைக் குறுக்கே அறுத்தால்தான் வளையம். ஒரு சங்கில் சில வளையல்களே தேறும். கழித்த நுனியும் தண்டும் இங்கே குவியலாகக் கிடைக்கின்றன. வளையல் மட்டும் கிடைத்திருந்தால் யாரோ வாங்கிப் போட்டுக்கொண்டார்கள் என்று முடித்துவிடலாம். கழிவும் அரைகுறையும் சேர்ந்து கிடைப்பதால் இது பட்டறை இருந்த இடம் என்று ஆய்வாளர்கள் சொல்ல முடிகிறது.

சங்கு விளைவது மன்னார் வளைகுடாவில். வருசநாட்டு மலைப்பக்கம் பிறக்கும் வைப்பாறு அந்த வளைகுடாவில்தான் போய்ச் சேர்கிறது. கடலிலிருந்து கச்சாப் பொருள் வந்தது, இங்கே அறுத்தார்கள், வளையல் வெளியே போனது. இன்றைக்கும் தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் கையில் ஏறுகிறது. சிவகாசியிலும் இதே கணக்குதான்: வெடியுப்பும் அலுமினியத் தூளும் வெளியூரிலிருந்து வருகின்றன, இங்கே கை வேலை, சரக்கு நாடு முழுக்கப் போகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இடையில் எத்தனையோ நூற்றாண்டு. ஆனாலும் மண் சலிக்கும் பெண் சொன்னதைக் கேட்டதும் பெரியப்பாவால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

“முன்னாடி வெடி ஆபீஸ்ல திரி சொருகுனேன். இங்கன மண்ணு சலிக்கேன். அங்க வேலை முடியாம எந்திரிச்சா கணக்குப்பிள்ளை வைவாரு. இங்க என்னன்னா, அன்னைக்கு வேலை முடியாமப் போட்டுட்டுப் போனதைத்தான் பத்திரமா எடுத்து வைக்காங்க.”

மச்சு பிச்சு அரசன் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை நகரம். மேட்டுக்காடு கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்த இடம். முன்னதில் கல் நிற்கிறது, படம் எடுக்கலாம். பின்னதில் சாம்பல் அடுக்குக்கும் சங்குக் கழிவுக்கும் யாராவது பக்கத்தில் நின்று பொருள் சொல்ல வேண்டும். அவசரமாக வந்து போகிறவர்களுக்கு முன்னது பிடிபடும். பின்னதற்கு ஒரு குழியின் பக்கவாட்டை அரை மணி நேரம் பார்க்கும் பொறுமை வேண்டும்.

வேப்பமரத்தடியில் இருந்தவர்களுக்கும் ஏதாவது காட்ட வேண்டுமே என்று வேன் கழுகுமலைக்குப் போனது. முக்கால் மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். இங்கே எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது: ஒற்றைப் பாறை மலை, படிக்கட்டு, மேலே ஏறினால் கரிசல் பூமி முழுவதும் காலடியில். பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள்; கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள். சமணப் பெண் ஆசிரியர்களான குரத்தியர் பெயர்களும் அவற்றில் உண்டு. அத்தைக்கு முகம் மலர்ந்தது. “இதச் சொல்லியிருந்தா நேரா இங்கயே வந்திருக்கலாமே!”

அதே மலையில் இன்னொரு பக்கம் வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. பாறையைச் சுற்றி அகழி போலப் பள்ளம் வெட்டி, நடுவில் மிஞ்சிய பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தென்னகத்து எல்லோரா என்று இதைச் சொல்வது அதனால்தான். விமானத்தில் மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, பக்கத்தில் பார்வதியோடு சிவன், ஓரங்களில் காளையும் குரங்கும் பூத கணங்களும், முடி நுனிவரை முடித்த வேலை. பார்வையைக் கீழே இறக்கினால் அடிப்பகுதி வெறும் பாறை. உளி அதுவரைதான் வந்தது. ஏன் நின்றது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

பேத்திதான் முதலில் சொன்னாள்: “சங்கு மாதிரியே இதுவும் பாதியில நிக்குது தாத்தா.”

கப்பல்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பயணி ஒருவர் காட்டிய வேறொரு படத்தைப் பற்றிச் சொன்னார். மச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறும் ஊர் ஒய்யாந்தாய்தாம்போ. அங்கேயும் மலைச்சரிவில் இன்கா கட்டடம், அதுவும் முடியாதது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கல் குவாரியிலிருந்து கொண்டுவந்த பெரிய பெரிய பாறைகளில் சில வழியிலேயே கிடக்கின்றன. களைத்துப்போன கற்கள் என்று ஊர்க்காரர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்காக்கள் சக்கர வண்டி இல்லாமல் அத்தனை எடையை எப்படி இழுத்தார்கள், எந்த வழியாக ஏற்றினார்கள் என்று தேடுகிறவர்களுக்குச் சுவரில் அழகாகப் பொருந்திவிட்ட கல் அதிகம் சொல்வதில்லை. இழுத்த தடமும், சாய்தளமும், வழியில் விட்ட கல்லும்தான் சொல்கின்றன. மச்சு பிச்சுவுக்குள்ளேயே கூட வெட்டி முடிக்காத பாறைகளோடு ஒரு குவாரி இருக்கிறது. 1911இல் ஹிராம் பிங்காம் உள்ளூர் விவசாயிகளின் உதவியோடு அங்கே போனதிலிருந்து வெளியுலகம் பார்த்த படங்களில் அது அவ்வளவாக இடம் பிடித்ததில்லை.

வெட்டுவான் கோயிலின் வெறும் பாறையைப் பார்க்கும்போதுதான் மேலிருந்து கீழே வந்தார்கள் என்பதே உறுதிப்படுகிறது. முழுதாக முடித்திருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்போம்.

நான்கரை மணிக்கு வேன் கோவில்பட்டியில் நின்றது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய் வாங்காமல் இந்த ஊரைத் தாண்டுகிறவர்கள் குறைவு. பால்கோவா கட்சிக்கும் அதில் சமாதானம். லாரி சர்வீஸிலிருந்து போன் வந்தது: பெட்டிகள் நாளைக் காலைதான் நெல்லை வரும். அத்தை பில்லை எடுத்து மறுபடி சரிபார்த்தார். பெரியப்பா கப்பல்காரரிடம் அடுத்த ஒப்பந்தம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“ஜனவரியில மறுபடி கயாவோ. இந்தத் தடவை மூணு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கேன். கெடைச்சா மச்சு பிச்சு. கெடைக்கலேன்னா லிமாவுக்குள்ளேயே மண்மேடு ஏதோ தோண்டி வச்சிருக்காங்களாம், பஸ்ஸுல போயிட்டு வந்துரலாம்.”

“அங்க சங்கு கெடைச்சிருக்கான்னு கேளு சித்தப்பா” என்றாள் பேத்தி, மிட்டாயைக் கடித்துக்கொண்டே.