பருவமும் ஒருநாட் கிண்ணமும்

ஊவா மலைகளிலே ‘பருவம்’ என்ற சொல் நெடுங்காலமாகத் தேயிலைக்கே உரியதாய் இருந்து வருகின்றது. தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிற் கொட்டிவிட்டு, மலைமுகட்டைக் கடந்து, அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் வறண்ட காற்றாக இறங்கும். ஆடியிலிருந்து புரட்டாதி வரை வீசும் அக்காற்றிற் கொழுந்து நீர் வற்றி வாடுகின்றது. அவ்வாறு வருந்திய கொழுந்திலிருந்தே ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்போன மணம் பிறக்கின்றது. கொழும்பு ஏலத்தில் அதற்கு மதிப்பு உயரும் மாதங்கள் அவை. கொழுந்து பறிப்பவளின் நாட்கூலி அம்மணத்தோடு சேர்ந்து உயர்வதில்லை என்பது வேறு விடயம்.

உதைபந்தாட்டத்துக்கும் பருவம் என்று ஒன்று உண்டு. ஒரு கழகம் ஏனைய கழகங்கள் ஒவ்வொன்றையும் தன் மைதானத்தில் ஒருமுறை, அவற்றின் மைதானத்தில் ஒருமுறை எனச் சந்தித்து, வாரந்தோறும் புள்ளி சேர்த்து, இறுதி வாரத்திலே தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளும் ஏற்பாடு அது. அவ்வேற்பாட்டிற் கிண்ணத்தைக் காட்டிலும் பெரிய பேறு ஒன்று அடங்கியிருக்கின்றது. தோற்றவனுக்கு அடுத்த ஞாயிறு உண்டு. ஊவாத் தோட்டங்களின் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பந்து உதைத்து வந்திருக்கின்றனர். ஆயினும் அந்த அடுத்த ஞாயிறு அவர்களுக்கு வாய்த்ததில்லை. அவர்களுக்கு வாய்த்தது ஒருநாட் சுற்றுப்போட்டி.

இம்மலைகள் பருவத்தை அறியாதவை அல்ல. வெள்ளைத் துரைமாருக்கு இங்கே றக்பிப் பருவம் இருந்தது. பதுளையில் ஊவா ஜிம்கானாக் கழகம், ரதல்லையில் திம்புள்ளைக் கழகம், தரவளையில் டிக்கோயாக் கழகம் என மலைநாட்டின் தோட்டத்துரைக் கழகங்கள் ஒன்றையொன்று தேடிச்சென்று ஆடின. கிளிபர்ட் கிண்ணத்துக்காகக் கண்டி, கொழும்புக் கழகங்களோடும் மோதின. சனிக்கிழமை தோட்டத்தை விட்டு நீங்கும் உரிமையும், அறுபது மைல் மலைப்பாதையைக் கடக்க மோட்டார் வாகனமும், சமன்செய்த புல்வெளியும் அவர்களிடம் இருந்தன. ஒரு பருவத்துக்கு வேண்டிய மூலப்பொருள்கள் இம்மூன்றுமே. மலையை வெட்டிச் சமன்செய்தவர்களுக்கு எஞ்சியது பிரட்டுக்களம். விடியற்காலையிற் பெயர் கொடுக்க நின்ற அதே தரையில், மாலையில் அவர்களுடைய பிள்ளைகள் பந்து உதைத்தார்கள்.

ஒருநாட் சுற்றுப்போட்டியை ஒருமுறையேனும் கண்டவர் அதன் இலக்கணத்தை மறவார். அணிக்கு எழுவர், பாதிக்குப் பத்து நிமிடம், விலகல் முறை. தீபாவளிக்கு மறுநாள் ஒன்று, தைப்பொங்கலையொட்டி மற்றொன்று. தோட்டத்து இளைஞரிற் பெரும்பகுதியினர் கொழும்பிலே புடைவைக்கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் தொழில் செய்வதால், அவர்கள் ஊருக்கு வரும் நாளே ஆட்ட நாளாயிற்று. அதனால் விளையும் சங்கடமொன்றுண்டு. ஊவாவின் பெருமழை ஐப்பசியிலேயே தொடங்கிவிடுகின்றது. தீபாவளிக் கிண்ணம் ஆண்டுதோறும் சேற்றிலே ஆடப்படுவதற்கு அதுவே காரணம். மைதானம் காய்ந்து கிடக்கும் ஆவணியில் ஆடுவதற்கு ஆளில்லை. ஆள் வந்து சேரும்போது மைதானம் இல்லை. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் தேயிலைச் சரிவில் உருண்டோடி, மூன்று நிரைக்குக் கீழே கானில் விழும். அதை எடுத்துவரச் சிறுவர் இருவர் நியமிக்கப்பட்டிருப்பர். அவர்கள் ஏறிவரும் நேரத்தை மத்தியஸ்தர் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஏழு பேர்ச் காணியில் வீடு, எழுவர் கொண்ட அணி என எல்லாமே ஏழில் அடங்கிப்போன மக்களுக்கு இது பெருங்குறையாகத் தோன்றாதிருக்கலாம்.

ஆயினும் ஒரு கணக்கைப் பார்த்தல் தகும். ஆண்டுக்கு இரண்டு சுற்றுப்போட்டி. ஒவ்வொன்றிலும் மூன்றாம் சுற்று வரை செல்லும் நல்ல அணியில் இடம்பெறும் ஒருவன் ஆடுவது ஆறு ஆட்டம், ஆக 120 நிமிடம். அதே வேளையில், உலகின் பெரிய கழகங்களோடு ஒப்பிடத்தகாத பல்கேரிய முதற்பிரிவிலே 2011-12 பருவத்தில் ஒரு கழகம் ஆடியது 30 ஆட்டம், ஆக 2,700 நிமிடம். ஊவாத் தோட்டத்தின் திறமைசாலி ஒருவன் அந்த ஒரு பருவத்தின் ஆட்டநேரத்தை எட்டுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் போதா. அதற்குள் அவன் மகன் பந்து பொறுக்கும் வயதைக் கடந்திருப்பான்.

பல்கேரியாவை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அப்பருவத்திலே வாகைசூடியது சோபியா நகரத்தின் லெவ்ஸ்கியும் அன்று, சி.எஸ்.கே.ஏ.யும் அன்று. நாட்டின் வடகிழக்கிலுள்ள ராஸ்கிராட் என்னும் சிறு நகரத்தின் லுதொகொரெற்ஸ் கழகமே முதலிடம் பெற்றது. 2010இல் மூன்றாம் பிரிவிலிருந்து மேலேறி, 2011இல் இரண்டாம் பிரிவையும் கடந்து, முதற்பிரிவில் வரலாற்றிலே முதன்முறையாகக் கால்வைத்த கழகம் அது. இறுதி வாரத்துக்கு முன் சி.எஸ்.கே.ஏ. இரண்டு புள்ளிகளால் முன்னின்றது. இறுதி ஆட்டமோ அவ்விரு கழகங்களுக்கும் இடையில், ராஸ்கிராட்டிலேயே. ஒன்றுக்குப் பூச்சியம் என வென்ற லுதொகொரெற்ஸ் ஒரேயொரு புள்ளியால் முதலிடம் பெற்றது. அதன்பின் 2025 வரை தொடர்ந்து 14 முறை அப்பட்டம் அதனிடமே தங்கியது. 2014இல் ஐரோப்பிய வெற்றிக்கழகப் போட்டிக்கான தகுதிச் சுற்றிலே, கோல் காப்பாளர் வெளியேற்றப்பட்ட நிலையில், கொஸ்மின் மொற்சி என்ற பின்கள வீரர் கையுறை அணிந்து கம்பத்தடியில் நின்று, சமனிலைத் தவிர்ப்பு உதையிலே தானும் ஒன்றை அடித்து, எதிரணியின் இரண்டைத் தடுத்ததும் இக்கழகத்துக்காகவே. தோட்டத்துச் சுற்றுப்போட்டியில் இத்தகைய ஆள்மாற்றம் அன்றாட நிகழ்ச்சி. எனினும் அங்கே எவர் பெயரையும் அரங்கின் ஒரு பக்கத்துக்குச் சூட்டும் வழக்கம் இல்லை, அரங்கே இல்லாமையால்.

ராஸ்கிராட் வட்டாரத்திலே துருக்கி மொழி பேசும் மக்கள் பெருந்தொகையினர். 1984-85இல் அவர்களுடைய பெயர்களை அரசு வலிந்து மாற்றியது. 1989இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை கடந்து துருக்கிக்குச் சென்றனர். 1948இல் குடியுரிமையும் மறு ஆண்டில் வாக்குரிமையும் இழந்து, 1964 ஒப்பந்தத்தின் பின் தலைமன்னாரில் இறங்குதுறை வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தின் அணி எவ்வாறு பாதியாகக் குறைந்தது என்று பதுளைப் பெரியவர்களைக் கேட்டால், தோல்வியைச் சொல்லமாட்டார்கள், கப்பலைச் சொல்வார்கள்.

எனினும் ஒப்புமையை மிகைப்படுத்துதல் ஆகாது. ராஸ்கிராட் எழுந்தது மக்களின் உறுதியால் மட்டுமன்று. மருந்துத் தொழிலிற் பொருளீட்டிய கிரில் தொமுஸ்சியெவ் என்ற செல்வர் 2010இல் அக்கழகத்தை வாங்கிப் பெரும்பணம் செலவிட்டார். பணமின்றி நடந்த அற்புதமாக அதைக் காட்டுவோர் வாசகரை ஏமாற்றுகின்றனர். ஆனால் பணம் வந்து சேர்வதற்கு முன்னரே அங்கே ஒன்று இருந்தது. மூன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, முதற்பிரிவு என ஏறிச்செல்லப் படிகள் இருந்தன. செல்வர் படியைக் கட்டவில்லை. ஏறும் வேகத்தைக் கூட்டினார். ஊவாத் தோட்டத்துக்கு ஒரு செல்வர் வந்தாலும் அவர் எந்தப் படியில் நின்று தொடங்குவார் என்பதே கேள்வி. தோட்ட மைதானம் தோட்ட நிர்வாகத்தின் கையில். ஆடுவோன் கொழும்புக் கடை முதலாளியின் விடுமுறைக் கணக்கில். பதுளை நகரில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கின்றது. பசறை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து அங்கே சென்று ஆடி, இருட்டுமுன் திரும்பும் பேருந்தைப் பிடிப்பதென்பது தனியொரு விளையாட்டு.

இருந்தும் ஒருமுறை பருவம் வந்தது. அதைக் கொண்டுவந்தது நோய்.

2020 பங்குனியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபின் கொழும்புக் கடைகள் மூடப்பட, வேலையிழந்த தோட்டத்து இளைஞர்கள் லயங்களுக்குத் திரும்பினர். ஊரடங்கு ஆனி இறுதியில் நீங்கியது, வேலை திரும்பவில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, புடைவைக்கடையில் அளவுகோல் பிடித்திருந்த இளைஞன் ஒருவன் அதுவரை எவரும் கவனியாததொன்றைக் கவனித்தான். எல்லோரும் ஊரிலேயே இருந்தார்கள். எல்லா ஞாயிறும் இருந்தார்கள். மைதானமோ கச்சான் காற்றிற் காய்ந்து கிடந்தது. சுற்றியிருந்த ஆறு பிரிவுகளிலிருந்து ஆறு அணிகள். ஒவ்வொன்றும் மற்றொன்றை இருமுறை சந்திக்கப் பத்து ஞாயிறுகள். பொதுத்தேர்தல் முடிந்த வாரம், ஓகஸ்ட் 9ஆந் திகதி, ஆட்டம் தொடங்கியது. பாதிக்கு முப்பது நிமிடம். கடைக் கணக்குக் கொப்பியொன்றிற் கோடு கிழித்துப் புள்ளி அட்டவணை எழுதப்பட்டது.

முதல் இரு வாரங்களிற் பழைய பழக்கம் விடவில்லை. தோற்ற அணியினர் உடனே சப்பாத்தைக் கழற்றிப் பையிற் போட்டுக்கொண்டு, மத்தியஸ்தரை ஏசிவிட்டுப் புறப்பட்டார்கள். ஒருநாட் கிண்ணத்திலே தோல்வி என்பது அவ்வாண்டின் முடிவன்றோ? மூன்றாம் வாரந்தான் அவர்களுக்கு விளங்கியது, மறுவாரமும் வரவேண்டும், அதே மத்தியஸ்தரின் முகத்தில் விழிக்கவேண்டும் என்பது. ஏச்சுக் குறைந்தது. முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்ற அணியொன்று ஐந்தாம் வாரம் தன் இடதுபுறத்து வீரனை நடுவுக்கு மாற்றி வென்றது. ஆறாம் வாரத்திலிருந்து வயோதிபர்கள் சிலர் பாய் கொண்டுவந்து வரம்பில் அமர்ந்து, சென்ற வாரத்தை இவ்வாரத்தோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினர். ஒப்பிடுவதற்கு ஒரு சென்ற வாரம் இருந்தது என்பதே புதுமை. தேயிலையின் பருவமும் பந்தின் பருவமும் அவ்வாண்டு மட்டும் ஒரே மாதங்களில் நடந்தன.

ஒன்பது ஞாயிறுகள் நிறைவேறின. ஒக்டோபர் 4ஆந் திகதி ஆட்டம் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு மினுவாங்கொடைத் தொழிற்சாலையிற் புதிய தொற்று என்ற செய்தி காத்திருந்தது. மறுநாட் பாடசாலைகள் மூடப்பட்டன. பத்தாம் ஞாயிறு நடைபெறவில்லை. கொப்பியில் முதலிடத்து அணிக்கு 19 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 17. எஞ்சியிருந்த ஆட்டம் அவ்விரண்டுக்கும் இடையிலானது. ராஸ்கிராட்டிலே இறுதி வாரத்துக்கு முன் இருந்த அதே இரண்டு புள்ளி.

அடுத்த ஆண்டு இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் என்னும் புதிய முதற்பிரிவைத் தொடங்கியது. அதே 2021ஆம் ஆண்டின் முற்பகுதியிலேதான் பல்லாண்டுப் போராட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. சுப்பர் லீக்கிற் களுத்துறையின் புளூ ஸ்டார் வாகைசூடியது. மறு ஆண்டு கொல்கத்தாவிலே மோகன் பகானிடம் ஐந்து கோல்களால் தோற்றுத் திரும்பியதும் அக்கழகமே. மலைநாட்டின் பெயரைத் தாங்கிய கழகம் ஒன்று அப்பத்தினுள் இருந்தது, நாவலப்பிட்டியின் அப்கண்ட்ரி லயன்ஸ். நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறும் அதே இருப்புப்பாதைதான் பதுளையிலே முடிகின்றது. ஊவாவிலிருந்து அப்பத்தினுள் ஒரு கழகமேனும் இல்லை. 2023 தையில் உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி, அவ்வாண்டு ஆவணியில் அத்தடையை நீக்கியபோது, பசறைப் பக்கத்தில் அதனால் எவருடைய ஆட்டமும் தடைப்படவில்லை, தொடரவுமில்லை.

அவ்விளைஞர்கள் கொழும்புக்கு மீண்டுவிட்டனர். 2022 தீபாவளிக்கு மறுநாள், மழையில், வழக்கமான ஒருநாட் கிண்ணத்தில் அந்த முதலிரு அணிகளும் இரண்டாம் சுற்றிற் சந்தித்தன. கொப்பி வைத்திருந்தவன் இதையே பத்தாம் ஞாயிறாகக் கொள்ளலாம் என்றான். அறுபது நிமிட ஆட்டத்தின் இடத்தில் இருபது நிமிட ஆட்டம் எவ்வாறு நிற்கும் என்று எதிர்த்தனர் மற்றையோர். ஆடினார்கள். கோல் எதுவும் விழவில்லை. சமனிலைத் தவிர்ப்பு உதையில் இரண்டாமிட அணி வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. சமனிலை என்றால் ஆளுக்கொரு புள்ளி, ஆகவே 20க்கு 18 என்று ஒரு சாரார். வெற்றி வெற்றியே, ஆகவே 20க்கு 19 என்று மறுசாரார். அன்றிரவு கொழும்புப் பேருந்து புறப்படும் வரை, பதுளை நிலையத்திலே பைகளுக்கு நடுவில் நின்றபடி, அவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.