சித்திரசபைப் படிக்கட்டில்

குற்றாலத்தில் சாரல் நூலாக இறங்குகிறது. பேரருவிப் பக்கம் எண்ணெய்த் தலைகளும் ஈரத் துண்டுகளுமாக நெரிசல். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் சித்திரசபைவரை வருவதில்லை. அதனால் இங்கே உட்கார்ந்து எழுத இடம் கிடைக்கிறது அவருக்கு.

தென்காசியில் மனநல ஆலோசகர். தெரிந்த முகம்தான், ஆனால் ஊர்க்காரர்கள் எதிரே வந்தால் பார்க்காததுபோல் போய்விடுவார்கள். அவரிடம் போய்வந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே! அவரும் முந்திக்கொண்டு சிரிப்பதில்லை. வணக்கம் சொல்வதா வேண்டாமா என்பதை எதிரில் வருகிறவருக்கே விட்டுவிடுகிறார். இந்த நாகரிகத்தைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

உள்ளே, சிலையாக இல்லாமல் சுவரோவியமாகவே ஆடுகிற நடராசரை வெகுநேரம் பார்த்துவிட்டு வந்துதான் இன்று நோட்டைத் திறந்தார். பக்கத்தில் பன்னிரண்டு வயதிருக்கும் அண்ணன் மகள், மங்குஸ்தான் உரித்தபடி. அவர் மடியில் நாளிதழ்த்தாளில் அட்டை போட்ட குற்றாலக் குறவஞ்சி.

அந்த நூலை இவர் எப்படிப் படிப்பார் என்று ஊகிக்க முடிகிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த குறி சொல்லும் குறத்தி சிங்கி, காதலில் வாடும் வசந்தவல்லியைப் பார்த்ததும் உனக்கு என்ன வருத்தம் என்று ஆரம்பிப்பதில்லை. முதலில் தன் மலையைப் பற்றிப் பேசுகிறாள். குரங்கு, அருவி, தேன் என்று அந்தப் பெண்ணின் மனம் இளகும்வரை பேசுகிறாள். அப்புறம்தான் கையைப் பிடிக்கிறாள். மனம் நொந்து வந்தவரிடம் முதல் நாள் பேசத் தெரிந்தவள் அவள்.

இவர் எழுதும் கதையிலும் ஒரு குறத்தி வருகிறாள். சொல்லாமல் விழுங்கிய சொற்களையெல்லாம் ஒரு மலை சேர்த்துவைத்திருக்கிறது. சாரல் காலத்தில் அவை அருவியாக விழுகின்றன. அண்ணன் மகளுக்கு மெல்லப் படித்துக் காட்டியதில் காதில் விழுந்தது இவ்வளவு.

"நெஜக் கதையே எழுதலாம்லா அத்த? உங்ககிட்டதான் எவ்ளோ பேரு வாராங்க!"

"அவங்க என்னைய நம்பிச் சொன்னதுட்டி. அத எழுதுனா அப்புறம் அந்த நாற்காலியில நான் எப்படி உக்காருவேன்?"

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் சிகிச்சைக்கு வருகிறவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால் அவர் சொன்ன தொனியில் சட்டத்துக்குப் பயந்த சாயல் இல்லை.

இவரைப் பார்க்கையில் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவில் ஆலிஸ் ஷெல்டன் 1967இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். மறு வருஷமே ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற ஆண்பெயரில் அவருடைய அறிவியல் புனைகதைகள் அச்சேறத் தொடங்கின. எழுதியது ஒரு பெண் என்று வாசகர்களுக்குத் தெரிய 1977 வாக்கில் ஆயிற்று. அவர் மறைத்தது தன்னை. இவர் மறைப்பது பிறரை. யாரையும் காட்டிக்கொடுக்காமல் அவர்களின் துயரத்தை மட்டும் சொல்ல, மாயக்கதையை விட்டால் இவருக்கு வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை. அதை வெறும் கற்பனை என்று ஒதுக்குபவர்கள் இவர் எழுதும்போது ஒருதரம் பார்க்க வேண்டும்.

திடீரென்று பேனா நின்றது. ஒரு பத்தியை அடித்தார். ஒரு கோடு போதவில்லை. ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி அழுத்தி அழுத்தி அடித்ததில் தாளே கிழிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தெப்பக்குளத்துத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு வேகமாக எழுதிப் படித்தார்: பறந்துபோன குஞ்சுக்காக ஒவ்வொரு சாரலுக்கும் புதுக் கூடு பின்னுகிறது யானையளவு தூக்கணாங்குருவி ஒன்று. குஞ்சு வளர்ந்திருக்குமே என்று வருஷாவருஷம் வாசலை ஒரு சாண் பெரிதாக்குகிறது.

சிறுமி உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"இதக் கேட்டா யார் ஞாபகமாவது வருதா?" அவர் குரலில் கவலை தெரிந்தது.

"எங்க ஸ்கூல் வாட்ச்மேன் தாத்தா."

"அவர நான் பாத்ததே இல்லையே" என்றவர், அந்தப் பத்தியில் கை வைக்காமல் அடுத்ததை எழுத ஆரம்பித்தார்.