வாயும் முதுகும்

“இன்னா மரம் வெட்டப் போறீங்க?”

வெட்டுக்கத்தி வேண்டும் என்றதும் ஆசாரியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். நீளம், விலை எல்லாம் அதற்குப் பிறகு. தொண்டூர்ப் பக்கம், சாலையோரப் புளியமரத்தடியில் தகரக் கூரை போட்ட பட்டறை.

வேலிகாத்தான் என்றேன். சீமைக் கருவேலத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பெயர்தான். “பச்சையா, காஞ்சதா?” என்றார். பச்சை மரமென்றால் வாய் மெலிசாக இருக்கலாம், சரசரவென்று இறங்கும். காய்ந்த வேலிகாத்தான் கட்டையில் அதே வாய் பட்டால் நெளியும், இல்லையென்றால் பல் விழும். அதற்கு வாய்க்குச் சற்று மேலே சதை விட்டு, இரு பக்கமும் மெல்லப் புடைத்தாற்போல் அடிக்க வேண்டும். புடைப்பு இருந்தால்தான் வெட்டிய பிளவு அகன்று கத்தியை விடும். தட்டையாகத் தேய்த்த கத்தியை மரம் கவ்விக்கொள்ளும். அதை உருவி எடுப்பதிலேயே வெட்டுகிறவருக்குப் பாதி வலு போய்விடும்.

கூரைக் கம்பியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். மூக்கு வளைந்த அரிவாள் முள்கிளையை இழுத்துப் பிடித்துக் கழிக்க. அகலமான பாளை அரிவாள் மயிரிழைபோல் மெல்லிய வாயுடையது. பனம்பாளையைச் சீவ மட்டுமே, விறகின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. சவுக்குத் தோப்பில் கிளை கழிக்க நாள் முழுக்க வீசினாலும் கை கடுக்காத லேசான கத்தி. கடைசியாக வந்தது விறகு வெட்டும் கத்தி: ஏறக்குறைய ஒரு கிலோ கனம், தடித்த முதுகு, எடையெல்லாம் முன்பக்கம். தூக்கினால் போதும், அது தானே விழுகிறது.

நேபாளத்துக் குக்ரி முன்வளைந்திருப்பதும் எடையை முன்னே தள்ளத்தான். மலாய் நாட்டுப் பாராங்கின் வாயிலும் இதே புடைப்பு உண்டு. லத்தீன் அமெரிக்காவின் மச்சேட்டி கரும்புக்கும் பசும்புதருக்கும் ஏற்ற மெல்லிய தகடு. காய்ந்த கட்டையில் அது துள்ளித் திரும்பும். எது உயர்ந்தது என்று இவற்றை வரிசைப்படுத்துவது வீண்வேலை என்றே எனக்குப் படுகிறது. அங்கங்கே உள்ள மரம்தான் கத்தியின் உருவத்தைத் தீர்மானித்திருக்கிறது.

இரும்பு லாரிப் பட்டையிலிருந்து வருகிறது. பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த வில்பட்டை. நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரிமம் கலந்த எஃகு. உலையில் எரிந்த கரியும் வேலிகாத்தான் கரிதான். இந்தக் கத்தி வெட்டப்போகிற மரமே இதைக் காய்ச்சவும் செய்கிறது.

பட்டறைக்குள் பகலிலும் இருட்டு. வெளிச்சம் வந்தால் இரும்பின் நிறம் தெரியாது. நிறம்தான் அவருக்கு வெப்பமானி. செவ்வொளி ஆரஞ்சை நெருங்கும்போது வெளியே எடுத்தார், சம்மட்டி இறங்கியது. அடித்தவர் அவர் மனைவி. ஆசாரியார் சிறு சுத்தியலால் ஓரிடத்தைத் தட்டிக் காட்ட, அதே இடத்தில் அந்த அக்காவின் சம்மட்டி விழுந்தது. பேச்சே இல்லை. பட்டடைக்கல்லின் ஓரத்தில் ஆசாரியார் வெறுமே ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்தம்.

உருவம் வந்ததும் தோய்ச்சல். வாயை மட்டும் நீரில் காட்டி எடுத்தார். உடனே செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்க்கு ஓடிவர, வைக்கோல் மஞ்சள் படர்ந்தது, பழுப்பானது, ஊதா எட்டிப்பார்த்தது. அங்கே நிறுத்தி மறுபடி நீரில் அமிழ்த்தினார். மஞ்சளில் நிறுத்தினால் வாய் உடையும், நீலம் வரை விட்டால் மழுங்கும். இப்போது வாய் கடினம், முதுகு இளக்கம். அடியின் அதிர்ச்சியை முதுகு வாங்கிக்கொள்ளும். வழவழவென்று பெட்டியில் வருகிற கத்தி எதிலும் எனக்கென்று ஒருவர் பார்த்து நிறுத்திய நிறம் இருக்காது.

மூலையில் கல் உடைப்பவர்களின் உளிகள் கூர் தீட்டக் காத்திருந்தன. அவற்றுக்கும் தோய்ச்சல் உண்டு, அளவு வேறு. தொண்டூர்க் குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. செய்வித்தவர், செய்தவர் பெயர்களைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உண்டு. அந்தப் பாறையை வெட்டிய உளிகளுக்கும் யாரோ ஒரு கொல்லர் இப்படி நிறம் பார்த்திருக்க வேண்டும்.

கத்தியைத் தருமுன் நோட்டை நீட்டினார். 2021 செப்டம்பரில் ரவுடிகளைத் தேடிக் காவல் துறை சோதனைகள் நடத்தியபோது, வாங்குபவரின் விவரத்தையும் தேவையையும் பட்டறைகள் குறித்துவைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. எழுதினேன். தவறில்லை. ஆனால் விறகுக்கும் வயலுக்கும் கத்தி அடிப்பவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் அந்த நோட்டோடு சேர்ந்து வந்துவிடக் கூடாது.

அக்காவிடம் கைவினைஞர் திட்டத்தில் பதிந்தீர்களா என்று கேட்டேன். “அவரு பேருதான் குடுக்கலாம்னு இருக்கோம், வூட்டுக்கு ஒருத்தர்தானாமே” என்றார். ஆமாம், 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லர் தொழில் இருக்கிறது, ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் பதிவு. நிறம் பார்ப்பவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர் என்று இருவர் இல்லாமல் இந்தக் கத்தி இல்லை. திட்டம் தரும் கருவிப் பணமும் கடனும் குடும்பத்துக்கு ஒன்றாகவே இருக்கட்டும். கொல்லர் என்ற அடையாள அட்டையாவது சம்மட்டி பிடிக்கும் கைக்கும் தனியாகக் கிடைக்க வேண்டும்.