குழாய் வைத்த பானை

பானையில் குழாய்க்கு ஓட்டை போட ஒரு பதம் இருக்கிறது. சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த ஈரத்தில் போட்டால் வயிறு உள்வாங்கிவிடும். முழுக்கக் காய்ந்தபின் குடைந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, சூளையில் வாய் பிளக்கும். விழுப்புரம் மாவட்டம் வளவனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் உட்கார்ந்து பார்த்த குயவர், புறங்கையை வைத்தே பதம் சொல்கிறார். “நடுவுல ஒரு மத்தியானம்தான் சார் நமக்கு. அதுக்குள்ள முடிச்சிடணும்” என்றார்.

ஓட்டையின் அளவிலும் கணக்கு உண்டு. மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். குழாயின் தண்டு அளவுக்கே போட்டால் வெந்த பானையில் குழாய் நுழையாது. தாராளமாகப் போட்டால் வாஷர் உட்காராமல் கசியும். இதற்கென்றே ஒரு பைப் துண்டை அளவாக அறுத்து வைத்திருக்கிறார். அடிப்பாகம் இன்னொரு சிக்கல். நம் பானைக்கு அடி உருண்டை. சக்கரத்தில் அடியில்லாமல் எடுத்து, உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி மூடுவார்கள். பிரிமணையில் வைத்து மொண்டு குடிக்க அது போதும். குழாயைத் திருகும்போது பானை உருளக்கூடாதே! தட்டையாக அடி போட்டால், அடியும் சுவரும் வேறுவேறு வேகத்தில் காய்ந்து ஓரத்தில் வெடிக்கிறது. அதனால் உருண்டை அடியை அப்படியே விட்டு, மண்ணிலேயே தனி வளையம் ஒன்று சுட்டுக் கொடுக்கிறார். வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைகளை இந்தத் திண்ணைக்கு அழைத்து வர வேண்டும்.

சின்னக் குழாய்க்கு ஏன் இத்தனை பாடு? 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்து வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிறது. ஆனால் கிராமத்தில் தண்ணீர் விடுவது சில நேரம்தான். பிடித்து வைத்துத்தான் குடிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்து வந்த தண்ணீரிலும், வீட்டுக்குள் சொம்பும் விரலும் இறங்கும்போது கிருமி சேர்ந்துவிடுகிறது. கல்கத்தா குடிசைப் பகுதிகளில் காலரா பரவுவதை ஆராய்ந்து 1986இல் வெளியான ஆய்வு ஒன்று, குறுகிய கழுத்துள்ள மண் கூஜாவில் குடிநீரை வைத்த குடும்பங்களில் தொற்று குறைந்ததைக் காட்டியது. கை நுழையாத பாத்திரம், அவ்வளவுதான். மூடியும் குழாயும் உள்ள பானை அந்த வேலையைச் செய்வதோடு தண்ணீரையும் குளிர வைக்கிறது.

பானையால் ஆகாததும் உண்டு. உப்பையும் ஃபுளோரைடையும் அது எடுக்காது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊரில் கேன் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கிருமிக்கு மட்டும் மண்ணிலேயே வழி இருக்கிறது. 1981இல் குவாத்தமாலாவில் உருவான மண் வடிகட்டியில், களிமண்ணோடு மரத்தூளோ உமியோ கலந்து சுடுகிறார்கள். தூள் எரிந்துபோன இடத்தில் நுண்துளைகள் நிற்கும். மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வடியும். நம் நாட்டிலும் புவனேஸ்வர் ஆய்வுக்கூடம் ஒன்று களிமண், ஆற்றுமணல், மரத்தூள் கலந்து ‘டெராஃபில்’ என்ற வடிகட்டியை உருவாக்கியிருக்கிறது. நெல் விளையும் விழுப்புரத்தில் உமிக்கா பஞ்சம்? குறைவது சீராகச் சூடேறும் சூளையும், வடிந்த நீரைச் சோதித்துச் சொல்ல ஒரு கூடமும்தான்.

பானை வேலையில் பாதி அந்தக் குயவர் வீட்டு அம்மாவுடையது. மண்ணை இடித்து, சலித்து, ஊறவைத்து, மிதித்துத் தருவது அவர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, சுடாமல் அடுக்கியிருந்த பானைகளெல்லாம் கரைந்துபோனதைச் சொன்னார். “மண்ணு மறுபடி மண்ணாயிடுச்சி தம்பி. மிதிச்ச காலுக்குத்தான் கூலி இல்ல.” அதே ஆண்டு ஜூலையில், ஏரி வண்டலைத் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்தது. நல்ல காரியம். மண் கிடைத்தால் போதுமா, பானை விற்க வேண்டாமா?

பொங்கல் தொகுப்பில் மண்பானையைச் சேர்க்கச் சொல்லி மண்பாண்டத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நான் அரசிடம் அதோடு ஒன்று சேர்த்துக் கேட்கிறேன்: மாவட்டத்தின் ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் குழாய் வைத்த பானையை உள்ளூர்க் குயவரிடமே வாங்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு வாங்குவதானால் பெயின்ட் அடித்த பானை வேண்டாம். பெயின்ட் துளையை அடைத்துவிடும், தண்ணீர் குளிராது.