கதௌலியில் நாற்பது நிமிடம்

தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஹரித்வாருக்கு 205 கி.மீ. மாமனாரின் அஸ்தியைக் கங்கையில் கரைத்த வருடத்திலிருந்து ஆண்டுதோறும் தை மாதக் கடைசியில், திதிக்கு முதல் நாள், இந்தத் தூரத்தைக் காரில் கடக்கிறோம். கணவர், மகள், மாமியார், நான். ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். இந்த முறை மட்டும் பயணத்துக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. பேட்டரியில் ஓடும் கார் எங்கள் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்கவேண்டும்.

ஆசையால் எழுந்த கேள்வியல்ல இது. எங்களுடைய பெட்ரோல் கார் 2010 ஜனவரியில் வாங்கியது. தில்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம், டீசல் வண்டிக்கு 10 வருடம்தான் ஆயுள். பசுமைத் தீர்ப்பாயம் விதித்த இந்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. வயதான வண்டிகளுக்குப் பங்குகளில் பெட்ரோலே கிடையாது என்று 2025 ஜூலை 1ஆம் தேதி ஆரம்பித்தார்கள். ஓரிரு நாட்களில் நிறுத்தி வைத்தார்கள். வயதைக் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஆகஸ்டில் நீதிமன்றம் சொன்னபோது எங்கள் தெருவில் லட்டு கொடுத்தவரும் உண்டு. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பாரத் நிலை 4 வண்டிகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும் என்று ஆனது. எங்களுடையது நிலை 3. அன்றிலிருந்து அது உறைக்குள் நிற்கிறது.

எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தவை இரண்டு. 2023இல் வந்த எம்.ஜி. காமெட் மூன்று மீட்டர்கூட நீளமில்லாத குட்டிக் கார். தில்லிச் சந்துகளுக்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் கதவு இரண்டுதான். ஷோரூமில் முன்சீட்டை மடக்கி மகள் பின்னால் நுழைந்து காட்டினாள். மாமியார் தன் வாக்கரைப் பிடித்தபடி அதைப் பார்த்தார். "எனக்கு முன்சீட்டு சரி. இதை எங்கே வைப்பே?" என்றார். நான்கு பேர் உட்கார்ந்தால் டிக்கி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தவிர, நெடுஞ்சாலைகளில் இருக்கும் டி.சி. வேக சார்ஜரில் அதை மாட்ட முடியாது. ஊருக்குள் ஓட்ட நல்ல கார், ஹரித்வாருக்கு அல்ல.

இன்னொன்று டாடா டியாகோவின் மின்சார வடிவம். 2022 செப்டம்பரில் ரூ. 8.49 லட்சத்தில் ஆரம்பித்த விலை பின்னர் ரூ. 7.99 லட்சத்துக்கு இறங்கியது. பெரிய பேட்டரிக்குக் கூடுதல் விலை. அதன் கொள்ளளவு 24 யூனிட். வீட்டு மின்கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிட்தான். ஒரு தடவை சார்ஜ் செய்தால் 315 கி.மீ. என்று அறிமுகத்தின்போது சொன்னார்கள். அது சோதனைக்கூடத்துத் தூரம். நான்கு பேரும் மூட்டையுமாக, நெடுஞ்சாலை வேகத்தில் எவ்வளவு போகும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். எனவே அதே காரை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தோம்.

பனிமூட்டம் விலகட்டும் என்று காத்திருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினோம். மீரட் விரைவுச்சாலை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். 2021இல் அது முழுமையாகத் திறந்தபிறகு, காஸியாபாத் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்ற பழைய கதையெல்லாம் முடிந்துபோனது. சாலை நன்றாக இருந்தால் கால் தானாக அழுந்தும். இந்தக் காரில் அதற்கு விலை உடனே தெரிகிறது. 70 கி.மீ. வேகத்தில் பேட்டரியின் ஒரு சதவீதத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் ஓடியது, 95இல் ஒன்றரைதான். பெட்ரோல் காரில் ஊருக்குள் ஊர்ந்தால் செலவு கூடும், நெடுஞ்சாலையில் குறையும். இதில் நேர்மாறு. நெரிசலில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் வேகம் கொஞ்சம் மின்சாரமாகித் திரும்ப வருகிறது. விரைவுச்சாலையில் பிரேக் பிடிப்பதே அபூர்வம். காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஆகும் சக்தியோ வேகம் கூடக்கூடத் தாறுமாறாக ஏறுகிறது. 80ஐத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தேன். லாரிகள் என்னை முந்தின.

மீரட்டைத் தாண்டினால் கரும்புச் சீமை. தை மாதத்தில் ஆலைகள் முழு வீச்சில் ஓடும். டிராக்டர் டிரெய்லர்களில் இருபுறமும் பிதுங்கும் கரும்புக் கட்டு பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போகும். முஸாஃபர்நகர் வெல்லச் சந்தை நாடறிந்தது. சாலையோரக் கொட்டகைகளில் கொப்பரையில் பாகு காய்ச்சும் வாசனை, கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் உள்ளே வந்துவிடுகிறது.

நூறாவது கிலோமீட்டரில் கதௌலி. பேட்டரி 45 சதவீதம். மீதித் தூரத்துக்கு இது போதாது. செல்போன் வரைபடம் காட்டிய முதல் சார்ஜரின் திரை இருண்டு கிடந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்தார்: "நாலு நாளா இப்படித்தான்." செல்போனில் அது இன்னும் பச்சை நிறத்தில் 'தயார்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. கணவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எனக்குத் தெரியும். நல்லவேளையாக, கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய தாபாவின் வளாகத்தில் இன்னொரு சார்ஜர் காலியாக இருந்தது. 85 சதவீதம் வரை ஏற்ற நாற்பது நிமிடம் ஆனது. யூனிட்டுக்கு வரியோடு ரூ. 21.

இந்த நாற்பது நிமிடத்தைத்தான் சொல்லவேண்டும். பழைய காரில் இந்தத் தூரத்தை நாலேகால் மணி நேரத்தில் கடப்போம். நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்துவோம். "இறங்கறீங்களா அத்தை?" என்று கேட்பேன். "வேணாம்மா, நீ போ" என்பார். இந்த முறை கேள்விக்கே இடமில்லை. எல்லோரும் இறங்கினோம். வாக்கரை விரித்து அத்தை மெதுவாக நடந்துபோனார். சரிவுப் பாதை இருந்தது. மேல்நாட்டுக் கழிப்பறை சுத்தமாக இருந்தது. திரும்பி வந்து வெயிலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். பிறகு இன்னொரு டீ. "அப்பத்தா ரெண்டு டீ குடிச்சு நான் பார்த்ததே இல்லை" என்றாள் மகள்.

"வெளியூர் போறதுன்னா முந்தின ராத்திரியிலேருந்து தண்ணி குடிக்கமாட்டேன்" என்றார் அத்தை, ஏதோ சமையல் குறிப்பு சொல்வது போல. "வண்டிய நிறுத்து நிறுத்துன்னு உங்களை எத்தனை தடவை சொல்றது?"

எட்டு வருடமாக நான்தான் அவரை ஹரித்வாருக்கு ஓட்டிப் போகிறேன். நாலேகால் மணி நேரம் என்று பெருமையாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கதௌலியில் ஓடுவது மேல் கங்கைக் கால்வாய். காட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வெட்டி 1854இல் திறந்தது. இந்தக் கால்வாய் வேலைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கத்தான் ரூர்க்கியில் 1847இல் பொறியியல் கல்லூரி தோன்றியது. இன்று அது ஐ.ஐ.டி. ஹரித்வாரை அடுத்த பத்ரியில் இதே கால்வாய்த் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். கங்கைத் தண்ணீரில் நம் கார் ஓடுகிறது என்று மகள் மகிழ்ந்தாள். நாட்டின் மின்சாரத்தில் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது என்று அவள் அப்பா ஞாபகப்படுத்தினார். இரண்டும் உண்மைதான். எங்கள் தெருவில் புகை விடாது என்ற வரைக்கும் அது சுத்தமான கார்.

பகல் ஒன்றரைக்கு ஹரித்வார். மீதி 27 சதவீதம். வள்ளுவரைப் பார்த்துவிட்டுத் தங்குமிடம் போகலாம் என்றார் அத்தை. எங்கே வைப்பது என்று சர்ச்சை கிளம்பி, கடைசியில் 2016 டிசம்பரில் மேளா பவன் வளாகத்தில் நிறுவப்பட்ட சிலை அது. ஊருக்குள்ளேயே இருக்கிறது, சில கிலோமீட்டர் கூடுதல். பெட்ரோல் காரில் இது ஒரு விஷயமே அல்ல. ஆனால் முன்சீட்டில் இருந்தவர் முள்ளைப் பார்ப்பது போலச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி சார்ஜ் கிடைக்குமான்னு தெரியாம எதுக்கும்மா? நாளைக்குப் போலாம்." வாங்கியவர்கள் எல்லோரும் இந்தக் கணக்குப் பழக்கம் முதல் ஆறு மாதம்தான் என்கிறார்கள். இருக்கலாம்.

தர்மசாலையில் சார்ஜர் கிடையாது. கார்வாலிக் காவலாளி எங்கள் கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தண்ணீர் மோட்டாருக்கான 15 ஆம்பியர் பிளக்கைக் காட்டினார். "விடியற்காலை நாலு மணிக்குத் தொட்டி நிரப்பணும். அதுவரைக்கும் போட்டுக்குங்க." ரூ. 200 கொடுத்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு மாட்டி நாலு மணிக்கு எடுத்தபோது நூறு சதவீதம். மறுநாள் திதி முடிந்தபிறகு வள்ளுவரையும் பார்த்தோம். கங்கை நீர் இரண்டு கேன், வாக்கர், பைகள் ஆகியவற்றோடு, திரும்பும் வழியில் வாங்கிய பத்து கிலோ வெல்லமும் 240 லிட்டர் டிக்கியில் அடங்கியது. அடைத்துத்தான் மூடினோம்.

திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை மாலை. தில்லிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பும் வேளை. கதௌலி தாபாவில் அதே சார்ஜருக்கு முன்னால் இரண்டு கார்கள். முதல் காரின் சொந்தக்காரர் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். மீரட் போய்ப் பார்க்கலாம் என்றார் கணவர். வரைபடத்தின் பச்சை நிறத்தை நம்பி 44 சதவீதத்தில் இருட்டில் போக எனக்கு மனமில்லை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். காலையில் வெயிலும் டீயுமாக இருந்த இடம், இரவு எட்டு மணிக் குளிரில் வேறு இடமாகிவிட்டது. அத்தையின் கால் வீங்கியிருந்தது. பின்சீட்டில் பேத்தியின் மடியில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். "பழைய வண்டின்னா இந்நேரம் வீட்டிலே தூங்கிக்கிட்டு இருப்போம்" என்றார் கணவர். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

போகவர எல்லாம் சேர்த்து மின்சாரத்துக்கு ரூ. 800க்குள்தான். பெட்ரோல் என்றால் ரூ. 2,500 ஆகியிருக்கும்.

இரவு பதினொன்றுக்கு வீடு வந்தோம். பேட்டரியில் 18 சதவீதம். உண்மையான சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. எங்களுடையது தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்கு வீடு; இரண்டாவது மாடி. கார் நிற்பது கீழே, பொது இடத்தில், அன்றைக்கு எங்கே காலியோ அங்கே. பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் ஒயர் கை பொறுக்காத அளவுக்குச் சூடானது. பிடுங்கிவிட்டேன். இதற்கு முறையான 15 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். மிக்ஸிக்கு இழுத்த ஒயரில் ஆகாது.

மறுநாள் காலை வாடகைக் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மெட்ரோ நிலையத்திலிருந்து இ-ரிக்‌ஷாவில் வீடு திரும்பினேன். ஓட்டுநரை எங்கே சார்ஜ் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் திரிலோக்புரியில் ஒரு கொட்டகை, ராத்திரி விட்டால் காலையில் தயார், நாள் வாடகை உண்டு என்றார். 2014இல் உயர் நீதிமன்றம் இந்த வண்டிகளுக்குத் தடை விதித்தது. மறு வருடம் சட்டத்தைத் திருத்தி அனுமதித்தார்கள். வண்டி நிறுத்த இடம் இல்லாதவர்கள் அதற்கு ஒரு கொட்டகையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் காலனியில் இருபது வருடமாகக் கார் வைத்திருப்பவர்களிடம் அப்படி ஒரு கொட்டகை இல்லை.

அன்றிரவு கணவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறோம். அலுவலகம், மகளின் டியூஷன், அத்தையின் பிசியோதெரபி, மாதம் ஒருமுறை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர். ஒரு நாளைக்கு 40 கி.மீ. தாண்டாது. (மதுரைக்குப் போக ரயில் இருக்கிறது, காரை அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.) 2025இல் தில்லியில் பெட்ரோல் லிட்டர் ரூ. 95ஐ ஒட்டி இருந்தது. பழைய கார் ஊருக்குள் லிட்டருக்கு 13 கி.மீ. கொடுத்தது, வருடச் செலவு ஏறக்குறைய ரூ. 88,000. வீட்டு மின்சாரத்தில் அதே தூரம் ரூ. 12,000. வேக சார்ஜர்களையே நம்பினால் ரூ. 36,000. சிறிய பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபிறகு இரண்டு வகைக்கும் விலை வித்தியாசம் மூன்று லட்சத்துக்கு மேல். வீட்டில் பிளக் இருந்தால் நாலைந்து வருடத்தில் அது தீர்ந்துவிடும். இல்லாவிட்டால் ஆறு வருடத்துக்குக் குறையாது. பேட்டரிக்கு உத்தரவாதம் எட்டு வருடம்.

ஆக, ஹரித்வாருக்கு 205 கி.மீ. போக முடியுமா என்று பார்க்கக் கிளம்பிய எங்களுக்குப் பிரச்னை, பால்கனிக்கும் கீழே நிற்கும் காருக்கும் இடையிலுள்ள முப்பது அடி. சொந்த மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ள மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிகள் அனுமதிக்கின்றன. ஆனால் எந்த இடம் நம் இடம் என்று அதில் எழுதியிருக்காது. மாடிப்படிக்கடியில் தனி மீட்டரும் பிளக்கும் வைக்கவேண்டும், அதன் எதிரில் ஒரு இடத்தை எங்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தோம். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று செயலாளர் கேட்டார். ஒருவருக்கு இடம் ஒதுக்கினால் எல்லோரும் கேட்பார்களே என்றார். இரண்டுமே நியாயமான கேள்விகள். அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றிருக்கிறார்.

அத்தைக்கு இந்தக் கணக்கிலெல்லாம் அக்கறையில்லை. எந்தக் கார் வாங்கினாலும் அடுத்த வருடமும் அந்த தாபாவில் நிறுத்தவேண்டும் என்கிறார். போகும்போது மட்டும்.