களா, கவளி, கலிவி: ஒரு செடியும் மூன்று பெயர்களும்

கோலார் தங்க வயலைச் சூழ்ந்த வறண்ட பாறைக் குன்றுகளுக்கு உரிய முட்புதர்களுள் ஒன்று, கரிஸ்ஸா ஸ்பினாரம். முட்கள் இணையிணையாக இருக்கும். காயைக் கிள்ளினால் பால் வடியும். கனிந்தால் கருமையேறி நாவில் புளிப்பும் இனிப்பும் கலந்து நிற்கும். தமிழர் அதனைக் களா என்பர். கன்னடர் கவளி என்பர். தெலுங்கர் கலிவி என்பர். மூன்றும் ஒரே திராவிட வேரிலிருந்து கிளைத்தவை எனக் கருத இடமுண்டு.

பெயர்கள் வெறும் ஒட்டுச்சீட்டுகள் அல்ல. பதிற்றுப்பத்தின் சேர வேந்தன் ஒருவன் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்றே அறியப்படுகிறான். ஆந்திரத்தின் அரிய பறவையொன்று, இப்புதர்களின் பெயரால், கலிவிக்கோடி எனப்படுகிறது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் பெருந்திரளாக வந்தனர். அவர்கள் களாவைக் கொண்டுவரவில்லை. அது முன்பே இங்கு இருந்தது. கொண்டுவந்தது பெயரை மட்டுமே. அதையும் உறுதியாகச் சொல்லிவிட இயலாது. கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இம்மண்ணில் தமிழ், சுரங்கத்திற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

சிக்கல் தொடங்குவது பட்டியலில். மாநில எல்லையை அலகாகக் கொள்ளும் தாவரப் பட்டியலில் 'வட்டாரப் பெயர்' என்ற கட்டம் ஒன்றே இருந்தால், கருநாடகத்துச் செடிக்குக் கன்னடப் பெயர் எழுதப்படும். அது பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. லைன் வீடுகளில் தலைமுறைகளாக வழங்கிய 'களா' அக்கட்டத்திற்கு வெளியே நின்றுவிடும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறி இரவில் திரும்புவோர்க்குக் குன்றேறிப் பழம் பறிக்கப் பொழுதேது? பறிப்பவர் குறையக் குறைய, பெயரைச் சொல்பவரும் குறைவர்.

ஆகவே களப்பணி செய்வோர் பெயரோடு மூன்று செய்திகளையும் குறிப்பது நன்று: சொன்னவரின் தாய்மொழி, குடியிருப்பு, முன்னோர் ஊர். கட்டம் சற்றுப் பெரிதாகும், அவ்வளவே.